ஓசூர்க் குளிருக்குப் புதியவரா? தோலைக் காக்க அடுப்படியிலிருந்தே தொடங்கலாம்

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில், ஒரு நாள் காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளையாகக் கல் போல உறைந்து கிடந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன். எதிர் வீட்டு ஆயா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது கெட்டுப்போகலம்மா, குளிருக்கு ஒறஞ்சிருக்குது. சுடுதண்ணில வை."

அதே ஆயாதான் பத்து நாள் கழித்து என் முகத்தையும் பார்த்தார். "ஏம்மா, மூஞ்சில என்னத்த பூசுன? சுண்ணாம்பு அடிச்ச சொவராட்டம் இருக்குது."

நான் பூசியது கடலை மாவும் எலுமிச்சைச் சாறும். ஊரில் தினமும் செய்த பழக்கம். கடல் காற்று, வேர்வை, பிசுபிசுப்பு என்று இருக்கும் ஊரில் அது சரியாகத்தான் இருந்தது. இங்கே அதையே செய்ததில் கன்னம் செதில் செதிலாக உரிந்தது, சிரித்தால் உதடு வெடித்தது. தெற்கிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிப்காட் வேலைக்காக இங்கே வருகிற எல்லோரும் முதல் வருடம் செய்கிற தப்பு இதுதான். அங்கே முகத்திலிருந்து எண்ணெயை எடுப்பது வேலை. இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இருக்கிற எண்ணெயைப் பத்திரமாக வைத்துக்கொள்வது வேலை. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் மேட்டு நிலம்தான். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அதைவிடத் தாழ்வு, அதனால் அங்கே குளிர் கொஞ்சம் குறைவு. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. காலையில் பனி மூட்டமாக இருக்கிறதே, ஈரம்தானே என்று தோன்றும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே காற்று சூடாகி, வறண்டுபோய், கிடைக்கிற இடத்தில் எல்லாம் ஈரத்தை உறிஞ்சும். துணி சீக்கிரம் காய்வது அதனால்தான். தோலும் அப்படித்தான் காய்கிறது.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கிற கொழுப்பு சாந்து. சோப்பும் கொதிக்கிற தண்ணீரும் அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. சாந்து போனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியிலிருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே போய் எரிச்சலைக் கிளப்புகின்றன.

இன்னொரு எதிரி போர்வெல் தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவாகத் தோலிலும் உட்காரும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவோம். வறட்சி இரட்டிப்பாகும்.

கடைக்குப் போகும்போது

பெரிய பட்டியல் எல்லாம் வேண்டாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் கால் லிட்டர், தேங்காய் எண்ணெய், ஒரு சின்ன பாட்டில் விளக்கெண்ணெய், 50 கிராம் தேன்மெழுகு, மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின், வீட்டில் இருக்கிற பாசிப்பயறு. இவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. "தீப எண்ணெய்" என்று விற்பது விளக்கேற்றுவதற்கான கலப்பு எண்ணெய். விலை குறைவு, மணமும் நன்றாக இருக்கும் என்று அதை எடுத்து உடம்பில் தேய்க்காதீர்கள். சாப்பிடத் தகுந்த எண்ணெய்தான் தோலுக்கும். விளக்கெண்ணெயை மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிவிடுங்கள். அதேபோல் தேன்மெழுகு என்று கேட்டால் சில கடைகளில் மெழுகுவத்தி மெழுகைத் தூக்கிக் கொடுப்பார்கள். தேன்மெழுகு வெளிர் மஞ்சளாக இருக்கும், முகர்ந்தால் தேன் வாசம் வரும். நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், கிடைக்கும்.

எது வாங்கினாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பாருங்கள். இயற்கைப் பொருள் ஒன்றும் செய்யாது என்பது வெறும் நம்பிக்கை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். காஞ்சொறியும் இயற்கைப் பொருள்தான்.

முதல் படி: குளியலை மாற்றுங்கள்

பூசுகிற எதையும்விட இது முக்கியம். குளிர் என்று கீசரை முழுச் சூட்டில் வைத்து, ஆவி பறக்க இருபது நிமிடம் குளிப்பது சுகம்தான். வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் கால் அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும். கைகால்களுக்கு வெறும் தண்ணீரே போதும். ஷிஃப்ட் முடிந்து கிரீஸும் தூசியுமாக வருகிறவர்களுக்கு இது பொருந்தாது, தெரியும். அவர்கள் கையில் முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, கிரீஸை இளக்கித் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு போட்டால் பாதிச் சோப்பில் வேலை முடியும்.

முகம் கழுவ மட்டும் ஒரு சொம்பு குடிதண்ணீர் எடுத்து வையுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து குழாய் வழியாக வெளியேறுகிற கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் குளிக்க எடுக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம், உடம்புக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: எண்ணெய், குளிக்கும் முன்பும் பின்பும்

ஒகேனக்கல் போயிருப்பீர்கள். போகாவிட்டால் இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். அங்கே எண்ணெய் பாட்டிலோடு மசாஜ் செய்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பு முழுக்க எண்ணெயைத் தேய்த்து, நன்றாகத் தட்டி உருவி, அப்புறம்தான் அருவியில் நிற்க அனுப்புவார்கள். தண்ணீர் மேலதிக எண்ணெயை அடித்துக்கொண்டு போகும், ஒரு மெல்லிய படலம் மட்டும் தோலில் மிஞ்சும். அன்று இரவு கை வழவழவென்று இருக்கும். குளிக்கும் முன் தேய்க்கிற எண்ணெய் ஒரு கவசம். சோப்பும் கடினத் தண்ணீரும் தோலின் சொந்தக் கொழுப்பைத் தொடுவதற்கு முன் இந்த எண்ணெயைத் தாண்டியாக வேண்டும்.

தினமும் ஒகேனக்கல் போக முடியாது. வீட்டில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, முழங்கால், முழங்கை, கணுக்கால், முன்கை என்று காய்கிற இடங்களில் தடவி ஐந்து நிமிடம் விட்டுக் குளியுங்கள். வாரம் ஒரு நாள் முழு எண்ணெய்க் குளியல். இங்கே அதைக் காலை ஆறு மணிக்குச் செய்யாதீர்கள். பதினொரு மணி வெயிலில் எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் இருந்தால் உடம்பும் நடுங்காது. தலைக்குச் சீயக்காயோ, இந்தப் பக்கம் அதிகம் புழங்கும் அரப்பு இலைப் பொடியோ போடலாம். உடம்பில் அரப்பை அழுத்தித் தேய்த்து எண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டால் குளித்ததே வீண். குளியலறைத் தரையில் எண்ணெய் சொட்டினால் உடனே பழைய துணியால் துடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து மூன்று வாரம் கட்டோடு இருந்தார்.

குளித்த பின் தடவுகிற எண்ணெய் வேறு வேலை செய்கிறது. அது மூடி. துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெயை உடம்பு முழுக்கப் பரப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மேலே பளபளக்குமே தவிர உள்ளே வறட்சி அப்படியே இருக்கும், ஏனென்றால் எண்ணெயில் தண்ணீர் கிடையாது. காலி டப்பாவை இறுக்கி மூடுவது போல.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். கெடுவதில்லை. பாட்டிலைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், அடுப்பு மேல் வேண்டாம். காலையில் அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் நல்லெண்ணெயையே வைத்துக்கொள்ளுங்கள், அது இந்தக் குளிருக்கு உறையாது. என்ன, தலையணை உறையில் வாசனை ஏறும். முகத்தில் பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் தவிர்ப்பது நல்லது.

மூன்றாம் படி: மெழுகு பாம் காய்ச்சுவது

எனக்குப் பிடித்த வேலை இது. உதடு, குதிகால், கைவிரல் இடுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா.

தேன்மெழுகு 10 கிராம், எண்ணெய் 40 கிராம். எண்ணெயில் பாதி தேங்காய், பாதி நல்லெண்ணெய். வெறும் தேங்காய் எண்ணெய் காலையில் கல்லாக இருக்கும், மதியம் பையில் உருகி ஓடும். நல்லெண்ணெய் சேர்த்தால் காலையிலும் விரலில் வரும், மெழுகு சேர்த்தால் மதியமும் நிற்கும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, மெழுகைத் துருவிப் போடுங்கள். மெழுகு 62 டிகிரி தாண்டித்தான் உருகும், அவசரப்பட்டு நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. முழுக்க உருகியதும் எண்ணெயை ஊற்றுங்கள். மெழுகு திரும்பக் கட்டி கட்டியாகும். பயப்படாதீர்கள், கிளறினால் மறுபடி கரையும். ஒரு ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து ஃபிரிட்ஜில் இரண்டு நிமிடம் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ரொம்ப இறுகினால் இன்னும் ஒரு ஸ்பூன் எண்ணெய், ரொம்ப இளகினால் ஒரு துருவல் மெழுகு. பதம் வந்ததும், நன்றாகக் காய்ந்த டப்பாவில் ஊற்றி, மூடாமல் ஆறவிட்டு அப்புறம் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். கிண்ணத்தை உடனே காகிதத்தால் துடைத்துவிடுங்கள். ஆறிய மெழுகை சிங்க்கில் கழுவினால் குழாய் அடைக்கும், வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டி வரும்.

இதில் தண்ணீர் இல்லாததால் பூஞ்சை பிடிக்காது. ஈர விரலை விடாமல் இருந்தால் குளிர்காலம் முழுக்க வரும். சிக்கு வாசம் வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

உதட்டுக்கு நாள் முழுக்க நான்கைந்து முறை மெல்லியதாக. உதட்டை நாக்கால் நனைப்பதை நிறுத்தாமல் எந்த பாம் போட்டும் பலன் இல்லை. காய்கிற எச்சில் உதட்டை இன்னும் காயவைக்கும். பாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் நெய்யைத் தடவிக்கொள்ளலாம், உப்பில்லாத வெண்ணெயும் சரிதான். ஆயா வீட்டில் மத்தில் ஒட்டிய வெண்ணெயை வழித்துப் பேத்தியின் கன்னத்தில் தடவுவார். அதற்கு மேல் ஒரு கிரீமும் அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டதில்லை.

கிளிசரினும் ரோஜாவும்

கிளிசரின் தண்ணீரை இழுக்கிற பொருள். அதை அப்படியே முகத்தில் பூசினால், சுற்றியுள்ள காற்றில் ஈரம் இல்லாதபோது தோலின் உள்ளிருந்தே இழுக்கும், பிசுபிசுப்பும் வறட்சியும் சேர்ந்து வரும். ஒரு ஸ்பூன் கிளிசரினுக்கு மூன்று ஸ்பூன் கொதித்து ஆறிய தண்ணீர். ஈர முகத்தில் தடவி, மேலே இரண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். தண்ணீர் சேர்த்த எதுவும் சீக்கிரம் கெடும், கண்ணுக்குத் தெரியாமலே கிருமி வளரும். மூன்று நாளுக்கு ஆகிற அளவு மட்டும் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் வருடம் அரை லிட்டர் கலந்து வைத்துவிட்டு, பாட்டில் அடியில் பஞ்சு போல ஏதோ மிதந்ததைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, ரோஜா. ஓசூர் வந்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. சுற்றிலும் பசுமைக் குடில்கள், பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு வெளிநாடு வரை போகிற ரோஜாக்கள். உதிர்ந்த இதழ்களை வாங்கி வந்து வீட்டிலேயே பன்னீர் காய்ச்சலாமே? வேண்டாம். அவை வாங்கிப் பார்க்க வளர்த்த பூக்கள், பூச்சிமருந்து அடித்து வளர்த்தவை. கழுவினால் போய்விடும் என்று நம்பி முகத்தில் பூசுவதற்கில்லை. வாசனையும் அவற்றில் பெரிதாக இருக்காது. உங்கள் மாடியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா இருந்தால் ஒரு கைப்பிடி இதழைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடிவைத்து, ஆறியதும் வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கிளிசரினோடு கலக்கலாம். அதற்கும் அதே மூன்று நாள் கணக்குத்தான்.

கற்றாழையும் அப்படியே. மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் அரிப்பைத் தரும். வெட்டு வாயைக் கீழே சாய்த்துப் பத்து நிமிடம் வடியவிட்டு, தோல் சீவி, உள்ளிருக்கும் சோற்றை நன்றாக அலசிவிட்டுத்தான் பூச வேண்டும். அதுவும் ஈரம் மட்டுமே தரும், மேலே எண்ணெய் மூடி தேவை.

மாவு போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு

பாசிப்பயறு மாவு மென்மையானது என்றாலும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்தான். குளிர்காலத்தில் வாரம் இரண்டு முறை போதும். மாவைத் துணியில் சலித்து, இரண்டு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் பாலாடை, கால் ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். காய்ந்து இறுகும்வரை விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஐந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், தேய்த்து உரிக்கக் கூடாது.

எலுமிச்சை, ஆப்பச் சோடா, சர்க்கரை போட்டுத் தேய்ப்பது, மூன்றையும் இந்த நான்கு மாதம் மறந்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் பட்டால் கருத்துப் புண்ணாகவும் ஆகலாம். சோடா நேர் எதிராக, சோப்பைப் போலக் காரம். தோல் இயல்பாக லேசான அமிலத் தன்மை உடையது, இரண்டு பக்கமும் அதிகம் போனால் தாங்காது.

வெயிலுக்கு மட்டும் அடுப்படியில் விடை இல்லை. காற்று ஜில்லென்று இருப்பதால் ஓசூரின் மதிய வெயில் சுடுவது தெரியாது. எண்ணெய் தடவினால் கருக்காது என்று சொல்வதை நம்பாதீர்கள். தொப்பி, துப்பட்டா, இல்லாவிட்டால் கடையில் விற்கிற சன்ஸ்கிரீன்தான். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு முகத்தைச் சுற்றிக் கட்டுகிற பருத்தித் துணி, காற்று, வெயில் இரண்டுக்கும் ஆகும்.

குதிகால்

பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும் பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தடித்த தோல் காய்ந்து, உடம்பின் எடை தாங்காமல் பிளக்கிறது. இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் மழமழவென்று ஆக்கப் பார்த்தால் ரத்தம்தான் வரும். ஒற்றி எடுத்துவிட்டு விளக்கெண்ணெயை நன்றாகத் தடவி, அதன்மேல் மெழுகு பாம், அதன்மேல் பழைய பருத்திச் சாக்ஸ். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். நாள் முழுக்க சேஃப்டி ஷூ போடுகிறவர்கள் கால்விரல் இடுக்கில் எதுவும் தடவாமல் உலர்வாக விடுங்கள், அங்கே சேற்றுப்புண் வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊறவைப்பதும் தேய்ப்பதும் வேண்டாம். சூடு உறைக்காமல் கொப்புளித்துவிடும். எண்ணெய் மட்டும் தடவி, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு மணமில்லாத தேங்காய் எண்ணெய் ஒன்றே போதும், குளித்த கையோடு. கடுகு எண்ணெய், கிளிசரின் கலவை, மஞ்சள் எதுவும் தேவையில்லை. ஒரு வயது ஆகாத குழந்தையின் உதட்டில் தேன் தடவக் கூடாது, வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தால், வட்ட வட்டமாக அரித்தால், வெள்ளிச் செதில் போல உதிர்ந்தால், இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் அரிப்பு தூங்கவிடாவிட்டால், தோல் டாக்டரிடம் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற ட்யூப்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், படர்தாமரையாக இருந்தால் அப்புறம் இரண்டு மடங்காகப் பரவும், தோலும் மெலியும்.

இந்தப் பழக்கத்தை எப்போது விடுவது என்று கேட்பார்கள். நான் காலண்டர் பார்ப்பதில்லை. மாசி முடிகிற சமயம் ஏதோ ஒரு வாரத்தில், காலையில் எழுந்து பார்க்கும்போது தேங்காய் எண்ணெய் பாட்டில் உருகியே இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் குளித்த பின் தடவுகிற எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். மிஞ்சிய பாமை ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடலாம், குதிகாலுக்குச் சித்திரையிலும் வேலை இருக்கும்.